சயாமா எஸ்தர் அனுப்பாத கடிதங்கள்

“நான் எழுதுவது நன்றாக இல்லையா?” என்று ஒரு சிறுமி சயாமா எஸ்தரிடம் ஒருமுறை கேட்டாள். உகாண்டாவில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது அது. நான் பக்கத்தில் இருந்தேன். சென்ற மாதம் ஒரு மத்தியானம், மின்சாரம் வந்ததும் சோறு வைக்கலாம் என்று அரிசியைக் களைந்து வைத்துக் காத்திருந்தபோது, சயாமாவின் தங்கை ரூத் தொலைபேசியில் அழைத்தார். “சயா, அக்கா போயிட்டாங்க” என்றார். மின்சாரம் வந்து, திரும்பவும் போய்விட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அந்தச் சிறுமியின் கேள்விதான் மனத்தில் நின்றது.

இங்கே தின்கன்ஜூனில் ஒரே பள்ளியில் நாங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தோம். நான் கணக்கு வாத்தியார், பர்மிய வழக்கில் ‘சயா’. அவர் கீழ் வகுப்புப் பிள்ளைகளின் டீச்சர், ‘சயாமா’. பிழை திருத்துவதில் அவருக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. நம் சபைக் குடும்பம் ஒன்று கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோது, வாங்கிப் படித்தவர், தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இன்னும் எல்லாருக்கும் குடுக்கலதானே, மாத்திடலாம்” என்றாராம். என்னையும் விட்டதில்லை. “சயா ஒரு உதாரணம் சொல்ல ஆரம்பிச்சா மணி அடிச்சாலும் பிள்ளைங்க வீட்டுக்குப் போக முடியாது” என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்வார். உண்மைதான். இந்தக் கட்டுரையிலும் அது தெரியும்.

நம் சபை உகாண்டாவில் ஆறு பிள்ளைகளின் படிப்பை ஏற்றுக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று சபை மூப்பர் ஒருவர் எழுந்து, நம் நகரத்து ஓரத்திலேயே, ஷ்வேப்யிதாவில், தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பசியோடு கிடக்கும்போது ஆப்பிரிக்கா எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. சயாமா எழுந்திருக்காமலே பதில் சொன்னார்: “ஷ்வேப்யிதாவுக்கு நான் சனிக்கிழமை போறேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை நீங்க போங்க.” சபையே சிரித்தது, மூப்பர் உட்பட. அதைவிட முக்கியம், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் உண்மையிலேயே பஸ் ஏறினார்.

ஆறு பிள்ளைகளில் மிரெம்பே என்ற சிறுமிக்குச் சயாமா ஸ்பான்சர். ஆண்டுக்கு மூன்று முறை பிள்ளைகளிடமிருந்து கடிதம் வரும். அவர்கள் தங்கள் மொழியில் எழுதுவதை அங்குள்ள ஊழியர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவார்கள். நாங்கள் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரி பதில் எழுதி அனுப்பிவிடுவோம். சயாமாவிடம் கேட்டால், “எழுதிட்டு இருக்கேன் சயா” என்பார். நான் நம்பினேன். நான்கு ஆண்டுகள் அப்படியே போயின.

பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டு, மலேசியச் சபை ஒன்று உதவியதால் எங்களில் நான்கு பேர் பிள்ளைகளைப் பார்க்கப் போனோம். செம்மண் முற்றம், பெரிய பலா மரம், அதன் நிழலில் வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் அட்டைக் கோப்பு. தங்களுக்கு வந்த கடிதங்களை அதில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். மிரெம்பேயின் கோப்பில் சயாமாவின் புகைப்படம் ஒன்று மட்டும் இருந்தது.

அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்வார்கள். சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடுவார்கள். மிரெம்பேயும் மண்டியிட்டாள். சயாமாவோ நம் பள்ளிப் பழக்கத்தில் இருந்தார். இங்கே ஆண்டுக்கொரு முறை பிள்ளைகள் மண்டியிட்டு ஆசிரியர்களை வணங்கும்போது, நாம் வாழ்த்தி முடிக்கும்வரை எழ மாட்டார்கள் அல்லவா? அதே நினைப்பில் அவள் தலைமேல் கைவைத்துச் சயாமா நீளமாக ஜெபிக்கத் தொடங்கினார். சிறுமி இரண்டு முறை எழப் பார்த்தாள். தலைமேல் கை இருந்ததால் மறுபடி முட்டி போட்டாள். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆமென் சொன்னதும்தான் அவள் நிமிர்ந்து, முட்டியில் இருந்தபடியே, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஊழியப் பெண்மணி தயங்கினார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். வகுப்பில் எல்லோருக்கும் பதில் வருகிறதாம், இவளுக்கு மட்டும் வருவதில்லையாம். தான் எழுதுவது மோசமாக இருப்பதால்தான் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் அழகாக எழுதப் பழகிப் பழகி அனுப்பினாளாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்போது தோன்றியது.

சயாமா தன் பர்மிய லுங்கியோடு அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பையைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் ‘அன்புள்ள மிரெம்பே’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் கடிதங்கள். எல்லாவற்றின் மேலும் சிவப்பு மை.

“சயா, அவகிட்ட சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. ஒரு டீச்சர் தப்புத் தப்பா எழுதி அனுப்பலாமான்னு வெக்கப்பட்டு அனுப்பாம வச்சுட்டேன். அவ எழுத்துல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என்கிட்டதான்.”

மிரெம்பே நோட்டை மெல்லப் புரட்டினாள். இதைத் திருத்திய ஆசிரியர் யார் என்று கேட்டாள். தாமேதான் என்றார் சயாமா. அவள் ஊழியப் பெண்மணியிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்த ஆசிரியர் மிகவும் கடுமையானவர் என்கிறாள்.” பிறகு அவள் நோட்டைத் தன் கோப்புக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள். கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று சயாமா கேட்டதற்கு, உங்கள் வீட்டு ஜன்னலில் என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள் என்றாள்.

அதன்பின் மாதம் தவறவில்லை. மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மா குடையை மாற்றியது, மழையில் பஸ் நின்றுபோய் ஆட்கள் இறங்கித் தள்ளியது, எதிர் வீட்டு மாடியில் துணி காய்வது. தபால் நின்றுபோன காலத்தில் எழுதிய தாளைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினார். தெருவில் சுடும் சத்தம் கேட்ட பயமான நாட்களில் ஜன்னல் சாத்தியிருக்கும். ‘இன்று ஜன்னலைத் திறக்கவில்லை’ என்று ஒரே வரி எழுதியதும் உண்டு. எதிலும் திருத்தம் இல்லை. பிழையோடு போன கடிதங்கள் அவை. திருத்தியே பழகிய கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நான் போனப்புறம் மிரெம்பேக்கு நீங்க எழுதணும் சயா. அவளுக்கு மறுபடி பதில் வராம போயிடக்கூடாது. உதாரணமெல்லாம் வேணாம், உடனே எழுதுங்க.” தலையாட்டினேன்.

ஆனால் உடனே எழுதவில்லை. சாவுச் செய்தி ஆயிற்றே, நல்ல ஆங்கிலத்தில், அந்தப் பெண் உடைந்துபோகாதபடி சொல்ல வேண்டும் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். அவர் நான்கு ஆண்டுகள் செய்த அதே தவறை நான் ஒன்பது நாள் செய்தேன். பத்தாம் நாள் ரூத், தன் அக்காவின் கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்தார். மிரெம்பே எழுதியிருந்தாள். இப்போது அவள் பெரிய பெண், ஆங்கிலத்தில் தானே எழுதுகிறாள். ‘அம்மா, உடம்பு சரியில்லையா? நன்றாக இருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.’

தான் என்ன தவறு செய்தோம் என்று அந்தப் பெண் இப்போது யோசிப்பதில்லை. சயாமாவின் பிழை நிறைந்த கடிதங்கள் அவளுக்குச் செய்தது அது. அங்கேயே, ரூத்தின் முன்னாலேயே, ஐந்து வரி எழுதினேன். அம்மா உடம்பு சரியில்லாமல் இறந்துபோனார், கடைசிவரை உன்னைப் பற்றிப் பேசினார், இனி நான் எழுதுவேன் என்று. திரும்பப் படிக்காமல் அனுப்பினேன்.

அன்று முதல், எழுதியதை எழுதியபடியே அனுப்பும் துணிச்சல் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது. சயாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

அவரை அறிந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பதில் எழுதாமல் நீங்கள் வைத்திருக்கும் கடிதமோ செய்தியோ ஒன்றாவது இருக்கும். இன்று பொழுது சாய்வதற்குள் அதற்கு நான்கு வரி எழுதி, திருத்தாமல் அனுப்பிவிடுங்கள்.