ஒரு இன்ச்சா, ரெண்டு இன்ச்சா?

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அளவுநாடாவின் நுனியைச் சக்கரத்தின் நடுவில் வைத்து, மேலே மட்கார்டு விளிம்புவரை இழுத்துப் பார்க்கிறார். நேற்றுப் பார்த்த அதே அளவுதான். விடிவதற்குள் வண்டி வளர்ந்துவிடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்கிறார். பக்கத்து இடத்தில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும் என்னிடம், "ஒரு இன்ச்சே போதும்னு தோணுது சார்" என்கிறார். சாயங்காலம் மாடிப்படியில் பார்த்தால், "ரெண்டுதான் சார் சரி" என்பார்.

எங்கள் குடியிருப்பில் நான்காவது மாடிக்காரர். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே செய்வார். நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா? இப்ப... இதுவா?" என்று கேட்பார். நாம் கொஞ்சம் தயங்கினாலும் அவருக்குப் பொறுக்காது. "மொதல்ல என்ன பட்டுச்சோ அதச் சொல்லுங்க. யோசிச்சா தப்பாயிடும்" என்று அதட்டுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் தன் எஸ்யூவியின் ஸ்பிரிங்கை மாற்றி அதை எவ்வளவு உயர்த்துவது என்று பதினோரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

வண்டி காட்டுக்கும் போவதில்லை, மலைக்கும் போவதில்லை. வீடு, கடை, மகளின் பள்ளிக்கூடம், வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. ஏறும் மேடு என்று பார்த்தால் எங்கள் பார்க்கிங் சரிவு ஒன்றுதான். அதன் உச்சியில் வண்டியின் அடிவயிறு கர்ரென்று உரசி, டமாரென்று ஒரு தூக்கு தூக்கிப் போடும். அந்தச் சத்தத்தை வைத்து நான்காவது மாடியில் அவர் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவார்... இல்லை, பொய் சொல்லக் கூடாது, டிவி சத்தத்தைக் குறைப்பார். "ஊருக்கெல்லாம் அரை நிமிஷத்துல பவர் சொல்றாரு. சொந்த வண்டின்னதும் ஒண்ணும் புரியல பாவம்" என்று அந்த அம்மாள் என்னிடமே அலுத்துக்கொண்டதுண்டு.

மெக்கானிக்கும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நாலு இன்ச் ஏத்திடலாம் சார், கெத்தா இருக்கும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். நம்மவருக்கு முகம் சுண்டிவிட்டது. "கெத்தா? டெய்லி ஓட்டற வண்டி சார் இது" என்று என்னிடம் வந்து குமுறினார். டயர் தேயும், வளைவில் வண்டி சாயும், பார்க்கிங் வாசலில் கூரை இடிக்கும் என்று நோட்டைப் பிரித்து வரிசையாகப் படித்தார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் ஸ்கூட்டரின் உயரம் எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் ஒரு குறையும் இல்லை. ஆளுக்கு ஒரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு காலையில் கீழே இறங்கினால், வண்டியின் நான்கு சக்கரமும் நான்கு பலகை மேல் நிற்கின்றன. "என்ன சார் இது?" என்றேன். "சும்மா... தரை ஈரமா இருக்கு" என்றார். தரை காய்ந்து கிடந்தது.

அதற்குள் லிஃப்ட் திறந்து அவருடைய மாமனார் ஊன்றுகோலோடு வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை ஆகி, மகள் வீட்டில் இருக்கிறார். குளிக்கவைப்பது, சட்டை மாட்டிவிடுவது, செருப்புப் போட்டுவிடுவது எல்லாம் மகளிடம் போய்விட்டது. அவர் கையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: வண்டியின் முன்சீட்டில் யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறுவது. தப்பித் தவறி யாராவது கை நீட்டினால், "லாரில ஏறுன காலுய்யா இது, தள்ளிக்க" என்பார்.

அன்று ஒரே மூச்சில் ஏறிவிட்டார். நம்மவர் எங்கோ பார்ப்பதுபோல் நின்று ஓரக்கண்ணால் பார்த்து, நோட்டில் ஒரு டிக் போட்டார். அது ஒரு இன்ச் பலகை.

அடுத்த முறை ரெண்டு இன்ச். மாமனார் காலைத் தூக்கினார், எட்டவில்லை. கதவைப் பிடித்து மறுபடி தூக்கினார். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு வேணாம் மாப்பிள்ள. ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்றார். "நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா, ரோட்டுல செம டிராஃபிக்காம்" என்றார் மாப்பிள்ளை. லிஃப்ட் மேலே போனதும் வண்டியை நகர்த்தி, மடமடவென்று பலகைகளை எடுத்துப் போட்டார். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும் சார்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். சரிவில் வண்டி தூக்கிப் போடும் ஒவ்வொரு தடவையும் அது அந்த இடுப்பில்தான் இறங்குகிறதாம். பெரியவர் வாயைத் திறக்கமாட்டார். மேலே உள்ள கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடிப்பார். அன்றைக்குச் சாப்பாடு பாதிதான். "ஏத்தலைன்னா அவருக்கு வலி. ஜாஸ்தி ஏத்துனா அவரால ஏற முடியாது. நீங்களே சொல்லுங்க சார், எது?" இத்தனை நாள் மனதுக்குள் சிரித்ததற்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு இன்ச் பலகை. பெரியவர் ஏறி அமர்ந்ததும், "மாமா, இது நல்லாருக்கா, அன்னிக்கு நல்லாருந்துச்சா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"எது?"

"இல்ல... வெயில்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பெரியவர்.

ஒரு இன்ச் என்று முடிவாயிற்று. சரிவில் உரசாமல் போக அதுவே போதும் என்று நோட்டும் சொன்னது. போன வாரம் மெக்கானிக் புது ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தார். வண்டி சரிவில் சத்தமே இல்லாமல் இறங்கியது. நாங்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். கையோடு அளவுநாடாவை இழுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி ஏறியிருந்தது ஒன்றே முக்கால் இன்ச்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "புது ஸ்பிரிங் சார், அப்டித்தான் வெறச்சுக்கிட்டு நிக்கும். ஒரு மாசம் ஓட்டுங்க, பழகிடும்" என்றார். புதுக் கண்ணாடி போட்டுத் தலைசுற்றுகிறது என்று வருபவர்களிடம் இவர் சொல்லும் அதே பதில். பதினோரு மாத நோட்டில் இந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருந்தது.

மறுநாள் பிசியோதெரபி. நான் கீழே இறங்கியபோது மனைவியும் மகளும் பின்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். "சார், ஒரு அஞ்சு நிமிஷம் நீங்களும் பின்னாடி ஏறுங்களேன், ப்ளீஸ்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை, ஏறினேன். என் எடைக்கு முதன்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது. வண்டி கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது, ஆனால் போதாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பெரியவர் வந்து முன்கதவைத் திறந்தார். மாப்பிள்ளை ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவசரமாக முன்பக்கம் போனார்.

"கண்ணாடி பளபளன்னுதான இருக்கு மாப்பிள்ள?"

"ஒரு கறை இருக்கு மாமா. நீங்க ஏறுங்க, தொடச்சுட்டு வந்துடறேன்."

பெரியவர் காலைத் தூக்கினார். மாப்பிள்ளை பானெட்டின் மேல் குப்புறக் கவிழ்ந்து, முழு உடம்பையும் அமுக்கி, இல்லாத கறையை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை மாப்பிள்ளையின் இரண்டு காலும் தரையில் இல்லை.