எங்கள் மகளுக்கு வந்த புதுத் தோல்

என் மகள் பிறந்த அன்று, அவள் செத்துப்போக வேண்டும் என்று நான் செபித்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் ஆண்டவர் செய்ததற்கு அது சாட்சி ஆகாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நெல்லித்தோப்பைச் சேர்ந்தவன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். 2006-ஆம் வருடம், ஐப்பசி மழை. என் மனைவி மேரிக்கு நாள் நெருங்கும் முன்பே வலி வந்துவிட்டது. பிரசவம் முடிந்ததும் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டினார். உடம்பு முழுக்க எண்ணெய்த்தாளை இறுக்கிச் சுற்றியதுபோல் மினுமினுத்தது. கண்ணிமைகள் வெளிப்பக்கம் மடிந்து சிவந்திருந்தன. உதடுகளும் அப்படியே. கண்ணை மூட முடியவில்லை, விரலை மடக்க முடியவில்லை. நெஞ்சில் அந்தத் தோல் வெடித்திருந்தது.

வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன். "ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளும்" என்றேன். பிள்ளையின் வேதனைக்காகக் கேட்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவளைப் பார்க்கத் தைரியமில்லை. வந்த சொந்தக்காரர்கள், கிரகணத்தில் வெளியே போனாயா என்று மேரியைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை தோல் டாக்டரம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"தோலும் ஒரு உறுப்புதாம்பா, இதயம் மாதிரி, ஈரல் மாதிரி. உடம்புத் தண்ணிய வெளிய விடாம புடிச்சி வெக்கிறது அதுதான்."

சூட்டைக் காப்பதும், கிருமியைத் தடுப்பதும் தோலின் வேலைதான் என்றார். மேல்தோல் அடுக்கடுக்காக இருக்கிறதாம். அடியில் புதிது பிறந்து, மெதுவாக மேலே ஏறி, காய்ந்து, நமக்குத் தெரியாமலே உதிர்கிறதாம். என் மகளுக்கு உதிர வேண்டியது உதிராமல் ஒரே தாளாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அது தானாக உரியும், கையால் உரிக்கக் கூடாது. அதன் கீழே எப்படிப்பட்ட தோல் இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு நல்ல தோலே வந்துவிடும், சிலருக்கு ஆயுள் முழுக்கச் செதில் செதிலாக இருக்கும். அதுவரை வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய்விடாமலும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பாற்ற வேண்டும்.

நான் என் கையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடமாக இதற்குள் இருக்கிறேன். ஒரு நாளாவது இதற்காக நன்றி சொன்னதில்லை.

குழந்தையை ஈரப்பதம் வைத்த கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். களிம்பு பூசினார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள், தாய்ப்பாலைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். நாலாம் நாள் மேரி சுவரைப் பிடித்து நடந்து வந்து, பெட்டி அருகே வெகுநேரம் நின்றாள். மேரியின் முகத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. நான் செபித்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. இப்படிச் சொன்னாள்: "நீங்க கேட்டத ஆண்டவர் கேக்கல இல்ல? அப்போ அவருக்கு இவ வேணும். இனிமே நான் கேக்கறத சேர்ந்து கேளுங்க. இவள நம்ப தூக்கணும். அவ்ளோதான்."

அழகையோ நிறத்தையோ நாங்கள் கேட்கவில்லை. தூக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம்.

ஒன்பதாம் நாள் குழந்தையின் உடம்பு சில்லிட்டது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார்கள். நம் கோயில் செபக் குழுவில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் எல்லாரும் கோயிலில் முழந்தாளிட்டீர்கள். பெயர் வைக்காத பிள்ளைக்காக அழுதீர்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் காலை உடம்பில் சூடு திரும்பியது. டாக்டர்கள் ஊசி போட்டார்கள், நர்சுகள் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். அந்தக் கைகளை அனுப்பியவர் ஆண்டவர் என்றே நான் நம்புகிறேன்.

பிறகு உரிய ஆரம்பித்தது. முதலில் வயிற்றில், பிறகு முகத்தில். ஒரு மதியம் நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். "கையக் கழுவிட்டு வாங்க. பொண்ணு தூங்குறா, பாருங்க."

கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். இமை இரண்டும் சேர்ந்திருந்தன. பிறந்த நாளிலிருந்து மூடாத கண். நெஞ்சில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். ஒரு விரலை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு விடும்போது அது விரிந்து சுருங்கியது. முழங்கையை மடக்கினாள், அங்கே ஒரு சின்ன மடிப்பு விழுந்தது. ஒரு மடிப்பைப் பார்த்து மனிதன் அழுவானா? நான் அழுதேன். தாயின் வயிற்றில் என்னை நெய்தவர், என் கண் முன்னால் இன்னொரு முறை நெய்து காட்டினார்.

மேரி அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

சகாயராணி என்று பெயர் வைத்தோம். அவளுக்கு இப்போது மூன்று வயது. தோல் கொஞ்சம் வறட்சிதான். காலையும் மாலையும் களிம்பு பூசுகிறோம், வெயிலில் அதிகம் விடுவதில்லை. மருந்தை ஒரு நாளும் நிறுத்தியதில்லை.

மாறியது நான். எங்கள் கம்பெனியில் ஒருவருக்குச் சொரியாசிஸ். கையெல்லாம் வெள்ளைச் செதில். அது ஒட்டாது என்று தெரிந்தும் அவரோடு சாப்பிட யாரும் உட்கார மாட்டார்கள். நானும் பல வருடம் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது என் டப்பாவிலிருந்து அவர் எடுத்துச் சாப்பிடுகிறார்.

இதை வாசிக்கிற யாராவது ஒருவர் இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நிற்கலாம். தம்பி, தங்கச்சி, ஆண்டவரிடம் பேசுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். அங்கே உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.