எதிர்ப்பக்க நாற்காலி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்று வருடமாக ஒரே வயிற்றெரிச்சல். சதுரங்க மன்றப் போட்டியில் எல்லாரையும் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுவார். அங்கே மருந்துக்கடைக்காரர் அவரை மண்ணைக் கவ்வ வைப்பார். அதுவும் ஒரே தொடக்கத்தால். சீட்டுக் குலுக்கினால் வெள்ளைக் காய் அந்த மனுஷனுக்குத்தான் விழும், அப்படியொரு ராசி! இரண்டாவது நகர்த்தலிலேயே தன் ராஜாவை ஒட்டிய சிப்பாயை இனாமாக நீட்டுவார். நம்ம ஆள் லபக்கென்று வெட்டுவார். வெட்டியதைக் காப்பாற்றப் படாத பாடு பட்டு, கடைசியில் தன் ராஜாவைக் கோட்டை விடுவார்.

"இந்த வருஷமும் தோத்தா போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். சதுரங்கம் இல்லாமல் என்ன செய்வார் என்று நினைக்கவே அந்த அம்மாளுக்குப் பகீரென்றது.

வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் போன வருட ஆட்டத்தை மறுபடி ஆடுவார். சுவரோர நாற்காலி, அவர் பக்கம் கறுப்புக் காய்கள். தோற்ற இடத்தையே குடைந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் புது ஃப்ரிட்ஜ் வந்து அந்தச் சுவரோரத்தை அடைத்துக்கொண்டது.

"என் இடம் எங்கே?"

"எதிர்ல உக்காருங்க. லிஃப்ட்டை மேல ஏறியும் பாக்குறீங்க, பள்ளத்துல இறங்கியும் பாக்குறீங்க. இதை மட்டும் ஒரே பக்கமாத்தான் பாப்பீங்களோ?"

முணுமுணுத்தபடி வெள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து முதலிலிருந்து ஆடினார். சிப்பாயைத் தள்ளியதும் குனிந்து பார்த்தார். ராஜாவுக்குப் பக்கத்தில் கதவில்லாத லிஃப்ட் வாசல் போல ஓட்டை. அட, பயப்பட வேண்டியவர் மருந்துக்கடைக்காரர் அல்லவா! இனாமைக் கறுப்பு கட்டிக்கொண்டு அழுவதால்தான் வெள்ளை பிழைக்கிறது.

இறுதி ஆட்டம். அதே வெள்ளை, அதே இனாம். மெக்கானிக் வெட்டினார். அடுத்ததாக ராணியின் முன்னால் நின்ற சிப்பாயை நடுப்பலகைக்குத் தள்ளினார்.

"வாங்கினதைத் திருப்பித் தர்றீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வச்சுக்குங்க. எனக்கு வழிதான் வேணும்."

வழி திறந்தது. மந்திரிகள் பாய்ந்தன, ராணி இறங்கியது, வெள்ளை ராஜா ஒளிய இடமில்லாமல் ஓடியது. மருந்துக்கடைக்காரர் தன் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினார். மெக்கானிக்கின் காலே தரையில் படவில்லை.

கோப்பையோடு வீட்டுக்கு வந்தால், சமையலறையில் மனைவி மூச்சு வாங்க நின்றிருந்தார். ஃப்ரிட்ஜ் வாசலோரம் போயிருந்தது.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்க இடம் உங்களுக்கு. தள்ளி வச்சுட்டேன்."

மெக்கானிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"நீ அந்தப் பக்கம் பிடி. ஃப்ரிட்ஜ் சுவரோரமாவே இருக்கட்டும்."