கோழி மல்லாந்து விழுந்த நாள்

யெண்டி நகரச் சந்தையில் புகைமீன் விற்கும் மெமுனா பெரிய வாயாடி. அடிமாட்டு விலைக்குக் கேட்டால், "உன் மூஞ்சிக்கு மீன் தலையே அதிகம், போய்யா!" என்பாள். அப்பேர்ப்பட்டவள் இரண்டு வருஷமாகத் தன் ஊருக்குள் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தாள். எல்லாம் தாய் லாரிபாவால்.

லாரிபாவுக்கு முதலில் உப்புப் போட்டது மறந்தது. பிறகு வீட்டுக்கு வழி மறந்தது. பிறகு அடுத்தவர் முற்றத்தில் நின்று செத்துப்போனவர்களோடு பேச ஆரம்பித்தாள். கிழவி தனியாகப் பேசினால் அந்த ஊரில் சூனியக்காரி. சூனியக்காரியை அடித்துத் துரத்துவார்கள்.

"இது மூளை தேயுற நோய். மறைக்காதே, ஊர்ல சொல்லிடு," என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

மெமுனா சொல்லவில்லை. சொன்னால் கண் கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்களே என்ற பயம். சந்தைக்குப் போகும்போது தாயை உள்ளே வைத்துப் பூட்டினாள். அதுவே வினையாயிற்று.

"ஒளிக்க ஒண்ணுமில்லேன்னா பூட்டு எதுக்காம்?" என்றாள் பக்கத்து வீட்டு சனாத்து.

அந்த மழைக்காலத்தில் சனாத்துவின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. முந்தின நாள்தான் லாரிபா எப்படியோ வெளியே வந்து அதைத் தூக்கிக் கொஞ்சியிருந்தாள். போதாதா ஊருக்கு!

கோழிச் சோதனை வைத்தார்கள். பூசாரி அறுத்து எறியும் கோழி மல்லாந்து செத்தால் குற்றமில்லை, குப்புற விழுந்தால் சூனியம். போகும் வழியில் மெமுனா தாயின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, உன் காலைப் பிடிக்கிறேன். அங்க வாயைத் திறக்காதே."

"சரிம்மா."

கோழி துடித்தது, உருண்டது, மல்லாந்து அடங்கியது. மெமுனாவுக்குப் போன உயிர் திரும்பியது.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போ," என்றார் ஊர்த்தலைவர்.

சனாத்து வாய்விட்டு அழுதாள். லாரிபா மகளின் கையை உதறிவிட்டு அவளருகே போய் உட்கார்ந்தாள்.

"அழாதேடி. நான்தான் கொன்னுட்டேன். தூக்கத்துல பிள்ளை மேல புரண்டுட்டேன்."

"அய்யோ, அது இந்தக் குழந்தை இல்லே!" என்று அலறினாள் மெமுனா. "என் தம்பி! நாப்பது வருஷத்துக்கு முன்னே போனவன்! அம்மாவுக்கு மறதி நோய், நர்ஸம்மாவே சொன்னாங்க!"

"ரெண்டு வருஷமா ஏண்டி சொல்லலே?" என்றாள் சனாத்து.

அந்த வாயாடி தாயை மறைத்துக்கொண்டு நின்றாள். நாலைந்து பேர் கல் பொறுக்கக் குனிந்தார்கள்.

லாரிபா அவர்களை ஆசையாகப் பார்த்தாள். "ஷியா மரத்துப் பழம் விழுந்திருக்கா? எனக்கும் ஒரு கூடை குடும்மா, நானும் பொறுக்குறேன்," என்றாள்.