இல்லை என்று இரண்டு முறை சொன்னேன்

இந்த ஊரில் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை. நாங்கள் குடிவந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டு மணி மொத்தம் நான்கு முறை அடித்திருக்கிறது. இரண்டு முறை பார்சல்காரர், ஒரு முறை மாடி தவறி வந்த யாரோ ஒருவர், நான்காவது முறை மார்க்கு. மார்க்கு எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கட்டடச் சங்கத்தில் பாதுகாப்பு விஷயங்களைப் பார்த்துக்கொள்பவர். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட தாள், காதில் பென்சில். வணக்கம் சொல்லிவிட்டு, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகப் பின்னிஷ் மொழியை ஒவ்வொரு சொல்லாக உடைத்துக் கேட்டார்: "உங்கள் வீட்டில் கோத்திவரா இருக்கிறதா?"

"எய் ஓலே" என்றேன். இல்லை.

அவர் தலையாட்டினார், தாளில் எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே ஏதோ எழுதினார், போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் எஸ்தர், என் மனைவி, இடுப்பில் குழந்தையோடு என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறாள். "இன்னாத்துக்குபா இல்லன்னு சொன்ன? ஸ்டோர் ரூம்ல கால் வெக்க எடம் இல்ல."

"அவரு கையில பேப்பர் வெச்சிருந்தாரு."

எஸ்தர் சிரித்துவிட்டாள். அவள் பொன்னேரிக்காரி. அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோத்திவரா என்றால் வீட்டிருப்பு. புயலோ மின்தடையோ அதைவிடப் பெரிதாக எதுவோ வந்தால், மூன்று நாளைக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் வீட்டுக்குள் இருந்து சமாளிக்கும் அளவுக்குத் தண்ணீர், உணவு, மருந்து, டார்ச், பேட்டரி ரேடியோ எல்லாம் வைத்திருக்க வேண்டும் என்று பின்லாந்து அரசாங்கமே சொல்கிறது. பக்கத்து நாடு பெரிய நாடு, இடையில் நீண்ட எல்லை, பழைய போர் ஞாபகம் வேறு. ஆனால் இதைச் சொல்லும்போது இவர்கள் குரலில் பதற்றம் கிடையாது. குடை எடுத்துக்கொண்டு போ என்பதுபோல் சொல்கிறார்கள். சரக்கு சேர்த்து வைப்பவனைத் தேடி அரசாங்கம் வரும் ஊரிலிருந்து வந்தவன் நான். சரக்கு சேர்த்து வை என்று அரசாங்கம் கெஞ்சும் ஊரைப் பார்ப்பது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது.

எங்கள் வீடு புதுவாயலில், கல்கத்தா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டில். தாத்தா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். நைனா காலத்தில்தான் கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுக்கு வந்தோம். நானும் அதே மில்லில் எலக்ட்ரிகல் வேலை பார்த்துவிட்டுத்தான் இங்கே ஏறி வந்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது தாளும் பேனாவுமாக வாசலில் நின்றால், கேள்வி எதுவானாலும் பதில் ஒன்றுதான்: "ஒண்ணுமே இல்ல சார்." வெள்ளம் வடிந்த பிறகு கணக்கெடுக்க வந்தவரிடம், வீட்டில் ரெண்டு மூட்டை அரிசி நனையாமல் தப்பித்துவிட்டது என்று உண்மையைச் சொன்னார் எங்கள் தெருவில் ஒருவர். அவருக்கு நிவாரணம் வரவில்லை. அதற்குப் பிறகு உண்மையின் மேல் எங்கள் தெருவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. இல்லை என்று சொல்வதை நாங்கள் பொய்யாக நினைப்பதே இல்லை. அது ஒரு பழக்கம், செருப்பை வாசலில் விடுவதுபோல.

சேர்த்து வைப்பதை மட்டும் எனக்கு எந்த அரசாங்கமும் சொல்லித்தரத் தேவையில்லை. வங்கக் கடலில் எங்கோ ஒரு சுழி தெரிகிறது என்று டிவியில் சொன்னால் போதும், அம்மா கிளம்பிவிடுவாள். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ரவை, உப்பு, பழவேற்காட்டிலிருந்து கூடையில் கொண்டுவரும் கருவாடு. குடம், அண்டா, குக்கர், கடைசியில் இட்லிப் பானை வரை எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பி நிற்கும். "சோறு இல்லாம ரெண்டு நாள் கெடக்கலாம், தண்ணி இல்லாம கெடக்க முடியாதுடா" என்பாள். புயல் ஆந்திராப் பக்கம் போய்விடும். நாங்கள் இரண்டு வாரம் ரவை உப்புமா தின்போம்.

கொரோனா வந்து எல்லாம் அடைத்த நாளில் அம்மாவின் இந்தப் புத்திதான் எங்களைக் காப்பாற்றியது. டிவியில் சொன்ன அன்றே அவள் ஒரு மூட்டை வாங்கிப் போட்டாள். மறுநாள் நைனா கவரைப்பேட்டையில் தெரிந்த அரிசி மண்டியிலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்தார். ரேஷன் அரிசியோடு சேர்த்து நான்கு மூட்டை. மற்றவர்கள் செய்தால் பதுக்கல், நாம் செய்தால் முன்ஜாக்கிரதை. உள் அறையில் மூட்டைகளை அடுக்கி, குறுக்கே கயிறு கட்டி, அம்மா ஒரு பழைய புடவையைப் பர்தாவாக இழுத்துவிட்டாள். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்றார் நைனா. யாரும் எதுவும் கேட்காதபோதே சொன்னார்.

எங்களுக்கு அடுத்த ரூமில் ஒடிசாக்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். எங்கள் மில்லில்தான் ஃபர்னஸ் வேலை. அதில் கொஞ்சம் தமிழ் பேசுபவன் பெயர் பவித்ர. இங்கே பொம்பளைப் பிள்ளைக்கு வைக்கும் பேரை உனக்கு எவன்டா வைத்தான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம், அவன் சிரிப்பான். காலையில் அவர்கள் நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துச் சாப்பிடுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்களும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். மில் மூடி சில வாரம் ஆனதும் அவர்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டார். அவர்கள் ரூமிலிருந்து பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் மத்தியானம் அம்மா தண்ணி லாரிக்குப் போயிருந்தாள். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். பவித்ர வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு துணிப்பை.

"அண்ணா, அரிசி..."

"இல்ல பையா" என்றேன் நான், முந்திரிக்கொட்டை மாதிரி. "எங்களுக்கே இல்ல. நாளைக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல."

 "அச்சா" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் பர்தா ஆடிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த பை காலிப் பை அல்ல என்பதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கண் பார்த்தது, வாய் அதற்கு முன்பே முடித்துவிட்டது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் அந்தப் பை இருந்தது. பக்கத்தில் இன்னொரு பையும். நாலைந்து கிலோ அரிசி, பருப்பு, வெங்காயம், ஒரு பொட்டலம் அவல், அரை பாட்டில் கடுகெண்ணெய். அடுத்த ரூம் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. எதிர் வீட்டு செல்வி அக்காதான் சொன்னாள்:

"வெடியறதுக்கு முன்னாடியே நடந்து போய்ட்டானுங்க. ஊருக்கே நடக்கப் போறானுங்களாம். இதெல்லாம் தூக்கிக்கினு போவ முடியாது, உங்க ஊட்டுக்குக் குடுக்கலாம்னு நேத்து வந்தானாம். நீ எங்களுக்கே இல்லன்னு சொன்னியாமே? அதான், வழிக்குன்னு கட்டி வெச்சிருந்த அவல்ல பாதிய எடுத்து இதோட வெச்சிட்டுப் போறானுங்க. பெரியவங்க இருக்குற ஊடு, பாவம்னு சொன்னான்."

அம்மா அந்தப் பையைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கர்த்தாவே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உன்னச் சொல்லி இன்னா ஆவப்போவுது, பர்தாவ இழுத்து உட்டவ நான்தான" என்றாள். நைனா டிவிஎஸ் வண்டியை வெளியே தள்ளினார். அவலையும், எங்கள் மூட்டையிலிருந்து அவசரமாக அள்ளிய அரிசியையும் மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

எளாவூர் செக்போஸ்ட் வரை போனோம், அதைத் தாண்டினால் ஆந்திரா. ரோட்டின் ஓரமாக ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். தலையில் பெட்டி, தோளில் பிள்ளை. செக்போஸ்ட்டில் போலீஸ் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள், திரும்பியவர்கள் ரோட்டை விட்டுக் கருவேலங் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். நைனா ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலும் வண்டியை நிறுத்தி, "பவித்ர, பவித்ர" என்று கூப்பிட்டார். அந்தப் பேரை அவர் அதற்கு முன் ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் கிடைக்கவில்லை. அவலை வேறு ஒரு கூட்டம் வாங்கிக்கொண்டது. அரிசியை யாரும் வாங்கவில்லை. ஆக்கித் தின்னச் சட்டி யாரிடமும் இல்லை. அரிசி எங்களோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் அவர்கள் நம்பர் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு எதற்கு நம்பர் என்று வாங்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய நான்கு பேரிடமிருந்து பாதி அவலை, நான்கு மூட்டை அரிசிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வாங்கிவிட்டேன். இதை எந்த வார்த்தையிலும் சிறிதாக்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன், மார்க்கு கேட்டதும் மறுபடி இல்லை என்றேன். நாக்குக்கு நாடு மாறியது தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒரு புயல் அடித்தது. மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்து மின்சாரம் போனது. மறுநாள் குழாயிலும் தண்ணீர் நின்றது. இங்கே அந்த மாதத்தில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். நாங்கள் மூன்று பேரும் இருந்த கம்பளி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டோர் ரூமில் நாற்பது லிட்டர் தண்ணீர், ஹெல்சிங்கி கடையிலிருந்து வரவழைத்த இருபத்தைந்து கிலோ பொன்னி, பருப்பு, ரவை, காற்றுப் போகாத டப்பாவில் கருவாடு. அம்மா வந்து பார்த்தால் குறை சொல்ல மாட்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். மார்க்கு. தலையில் கட்டிய விளக்கு, ஒரு கையில் பெரிய தண்ணீர் கேன், இன்னொரு கையில் பை. பைக்குள் காய்ந்த ரொட்டி, பட்டாணி சூப் டின்கள், குழந்தைக்கு ஒரு பால் பவுடர். அட்டையை அக்குளில் இடுக்கியிருந்தார். அதை எடுத்து எங்கள் வீட்டு எண்ணைக் காட்டினார். "இங்கே இல்லை என்று இருக்கிறது" என்றார். "அதனால் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில்."

கதவைப் பிடித்தபடி நின்றேன். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கலாம். அவருக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. எஸ்தர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பவித்ர கதை தெரியும்.

"மெய்லா ஓன்" என்றேன். எங்களிடம் இருக்கிறது.  அவருக்கு விளங்கவில்லை என்று பட்டது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து காட்டினேன். அவர் தலை விளக்கு தண்ணீர் பாட்டில்களின் மேல், அரிசி மூட்டையின் மேல், டப்பாக்களின் மேல் மெதுவாக நகர்ந்தது.

"நோ நீன்" என்றார். இந்த நாட்டில் எதற்கும் சொல்லும் வார்த்தை அது. சரி, அப்படியா, ஆரம்பிப்போம், முடிந்தது, எல்லாம் அதுதான். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரலை நீட்டிச் சொன்னார்: "இருந்தால், ஓன். இல்லாவிட்டால்தான் எய் ஓலே." நான் மொழி தெரியாமல் மாற்றிச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. மூன்றாவது முறை ஒரு பொய்யை அவர் எனக்காகத் தாமே சொல்லிக்கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அவர் பென்சிலை எடுத்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, எங்கள் எண்ணுக்கு நேரே புதிதாக எழுதினார். "நல்லது. மூன்றாம் மாடியில் ஐனோவிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. வாருங்கள்" என்று கேனை என் கையில் கொடுத்தார். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். கை வலித்தது, அது எனக்கு வேண்டியிருந்தது. அன்று எஸ்தர் கேம்ப் அடுப்பில் நிறைய கஞ்சி வைத்தாள். கருவாட்டு வாசனை நான்கு மாடிக்கும் போனது. கஞ்சியை வாங்கிக்கொண்டவர்களில் ஒருவரும் கருவாட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

மின்சாரம் வந்த பிறகு அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். செலவான தண்ணீர் பாட்டில்களுக்குப் பதில் புதியவற்றை அடுக்கிக்கொண்டே பேசுவதற்காக, போனை ஸ்டோர் ரூம் ஷெல்ஃபில் அரிசி மூட்டைமேல் சாய்த்து வைத்திருந்தேன். அங்கேயும் புயல் எச்சரிக்கை. அம்மா அடுப்படியில் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் பரண் பலகையில், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக, அந்தக் கடுகெண்ணெய் பாட்டில். வாசனை பிடிக்காததால் அவள் அதில் ஒரு சொட்டும் ஊற்றிச் சமைத்ததில்லை, தூக்கிப் போட்டதும் இல்லை. இங்கே மார்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் தேதி பார்த்துப் பழையதை மாற்றச் சொல்கிறார். அந்த எண்ணெய்க்குத் தேதி முடிந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

"அது இன்னுமா இருக்குது?" என்றேன்.

அம்மா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "அந்தப் புள்ளையோட எண்ணெயா? இருக்குது. இந்தப் பக்கம் வந்தான்னா கேப்பான். அப்போ இல்லன்னா சொல்லச் சொல்ற?"

என் ஷெல்ஃபில் தண்ணீர் பாட்டில்களுக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவே, போனின் சின்னக் கண்ணாடிக்குள், அந்தப் பாட்டிலும் ஒரு பொருளாக வரிசையில் நின்றது. அம்மா பேச்சை முடித்து வைத்ததும் அந்த இடம் மட்டும் கருப்பாகிவிட்டது. மற்றவையெல்லாம் இருந்தன.