கிராணியார் வீட்டுத் தாழ்ப்பாள்

துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே ஒரு சாய்ப்பு போட்டுவிடலாம் என்று நேற்று காலை கார் போர்ச்சில் உட்கார்ந்து தகரம் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் காருக்கும் கார் போர்ச்சுக்கும் இருந்த சம்பந்தம் விட்டுப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கார் தெருவில் வெயில் காய்கிறது. போர்ச்சில் என் துளை போடும் மெஷினும், ரம்பமும், பாதி இறுகிப்போன சிமெண்டுப் பையும் குடியிருக்கின்றன. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ஈப்போவிலிருந்து ஜொகூர் வரைக்கும் ஒரே மூச்சில் போய் வருவார். ஆனால் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் ஏணி தேடுகிற சாக்கில் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவார். அப்படித்தான் அந்த இலாகா என் கைக்கு வந்தது. வந்ததை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இது வீடா, பட்டறையா லா?" என்று தினம் ஒரு தடவை கேட்பார். நான் மெஷினைப் போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்தில் அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும்.

தகரத்தை வெட்டும்போது ஒரு வாசம் வரும், கவனித்திருக்கிறீர்களா? வாய்க்குள் பழைய காசை வைத்துக்கொண்ட மாதிரி பல் கூசுகிற வாசம். அது வந்தால் எனக்கு அப்பா ஞாபகம் வரும். அப்பா ஞாபகம் வந்தால் பின்னாலேயே கிராணியார் ஞாபகம் வரும். கிராணியார் வந்துவிட்டால் கத்தரி தாறுமாறாக ஓடும், தகரம் கோணிக்கொள்ளும். நேற்றும் கோணியது. இவ்வளவுக்கும் அவர் செத்துப்போய்விட்டார்.

அச்சில் வருவதால் 'கிராணியார்', 'அவர்' என்றெல்லாம் மரியாதையாக எழுதுகிறேன். வாயால் நான் சொல்வது வேறு. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து டிவியைச் சத்தமாக வைப்பார்.

ஈப்போ பக்கம் செமோருக்கு உள்ளே தள்ளி இருந்தது நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டம். அப்பாவுக்கு ஸ்மோக் ஹவுஸில் வேலை. பாலை உறையவைத்து, உருட்டித் தட்டையாக்கிய ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கிற இடம் அது. அப்பா குளித்துவிட்டு வந்தாலும் புகை வாசம் போகாது. எங்கள் வீட்டில் தலையணை, சோறு, சாமி படம் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். நாங்கள் அதை நாற்றம் என்று நினைத்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

குளியல் என்று சொன்னேன் அல்லவா. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் குளியலறை கிடையாது. லயத்துக்குக் கோடியில் ஒரு பைப்பு, சுற்றிலும் சிமெண்டுத் தரை, அவ்வளவுதான். பெண்கள் கைலியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு அந்தப் பைப்புக்கு எதிரே உள்ள வீட்டில்தான் இருந்தது. எங்கள் தோட்டத்துப் பையன்களின் சைக்கிளில் காற்று நின்றதாகச் சரித்திரமே இல்லை.

நான் பெரியவளான வருடம், அப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்டினார். பழைய தகரம், பெட்டி உடைத்த பலகை, காட்டுக் கம்பு. கதவுக்கு மட்டும் கீல் கிடைக்கவில்லை. அப்பா ஸ்மோக் ஹவுஸில் ஓரம் வெட்டிக் கழித்துப்போட்ட ரப்பர்த் துண்டுகளைக் கொண்டுவந்து, மடித்து ஆணியடித்து, அதையே கீலாக்கினார். ரப்பர் ஆயிற்றே, திறந்து விட்டால் தானாக இழுத்து மூடிக்கொள்ளும். பலகைக்குப் பலகை இருந்த சந்திலும் ரப்பரை வைத்து அடைத்தார். உள்ளே மரத்தால் ஒரு தாழ்ப்பாள். அதைத் தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை குளித்தேன்.

"தண்ணியக் கரியாக்காதடி, ஒடம்புல தோல் மிஞ்சாது" என்று அம்மா கத்துவார்.

கிராணியார் என்றால் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். விடிவதற்கு முன்னால் எல்லாரையும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறவரும் அவரே. பெயரைக் கூப்பிட்டால் "ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. தோட்ட மேனேஜரான துரைக்கு அடுத்த கடவுள். சில நாள் துரைக்கு முந்தின கடவுள்.

துரை லயத்தைப் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்ததும், கிராணியார் இரண்டு ஆட்களோடு எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அவர் கதவைத் திறந்தார். அது தானாக மூடியது. மறுபடி திறந்தார். மறுபடி மூடியது. அவருக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"தோட்டத்து ரப்பரத் திருடி கதவு செஞ்சிருக்கான்" என்றார். "பிச்சி எறிங்கடா."

"ஓரத்துல வெட்டிப்போட்ட கழிவுங்க ஐயா" என்றார் அப்பா. "வயசுக்கு வந்த புள்ள. குளிக்கிற எடத்துக்கு ஒரு தாப்பா வேணுங்களே."

"ஓம் புள்ள என்ன, துரை மகளா?"

அரை மணி நேரத்தில் எல்லாம் தரைமட்டம். தகரத்தையும் கதவையும் அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அது அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. மறுநாள் பெரட்டில் அவர் அப்பாவை "கதவு மாணிக்கம்" என்று கூப்பிட்டார். தோட்டத்தில் இரண்டு மாணிக்கம் உண்டு. அதுவரைக்கும் அப்பா ஸ்மோக் ஹவுஸ் மாணிக்கம். கூட்டம் சிரித்தது. "ஐயா" என்று சொன்னால்தானே சம்பளம்? அப்பா சொன்னார். அன்றிலிருந்து தினமும் சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அப்பா அதற்குப் பிறகு சுத்தியலைத் தொடவே இல்லை. நாங்கள் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த பின்பும், ஒரு காலண்டர் மாட்ட ஆணியடிக்கக்கூட பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார். அவர் இறந்தபோது பழைய தோட்டத்து ஆள் ஒருவர் போனில், "கதவு மாணிக்கம் போயிட்டாராம்" என்று நாலு பேருக்குச் சேதி சொன்னதை என் காதால் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. குளியலறையைப் பிடுங்கிக் கொஞ்ச நாள் கழித்து, அம்மா என்னிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து, கிராணியார் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பகை வேண்டாம் என்று அம்மாவுக்கு எண்ணம். போனேன். அவர் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டுக்கு எங்கள் கதவு. அதே ரப்பர்க் கீல். திறந்து விட்டால் அழகாக மூடிக்கொண்டது. திருட்டு ரப்பர் எங்களுக்கு ஆகாது, அவர் வீட்டுக் கோழிக்கு ஆகும். நான் பைப்படியில் கைலியைப் பல்லால் கடித்துக்கொண்டு குளிக்கிறேன், கோழிகள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முட்டை போடுகின்றன. வாழைப்பழத்தை வழியில் வந்த மாட்டுக்குக் கொடுத்தேன்.

காலம் யாரை எங்கே கொண்டுவந்து போடும் என்று சொல்ல முடியாது. தோட்டத்தை விற்று எல்லாரையும் கிளப்பிய பிறகு, அந்தக் கிராணியார் கடைசியில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்குப் பின் வரிசை வீடு. பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் கைத்தடியோடு முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கறுவிக்கொண்டே இருந்தேன். தீபாவளிக்கு அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் பலகாரம் கொடுப்பேன், அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போவேன். பெரிய பழிவாங்கல் இல்லைதான். கைக்கு எட்டியதைச் செய்கிறோம்.

போன வருடம் அவர் மருமகள் கோமதி என் போர்ச்சுக்கு வந்து நின்றாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

"அக்கா, மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. கைப்புடி மாட்டணுமாம், உள்தாழ்ப்பாள எடுத்துறணுமாம். ஆஸ்பித்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க. தோலோங்லா, ஒரு ஒத்தாசைக்கு நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்."

நான் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பிய வேகத்தைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்தது.

கைப்பிடியில் நான் பழி வாங்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஓடு உடையாமல் துளைத்து, திருகாணியை இறுக்கி, என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். என் எடை உங்களுக்குத் தெரியாது, தெரிந்தால் நம்புவீர்கள். அது கழன்று விழுந்தால் கெட்டுப்போவது என் பெயர். அந்த ஆளுக்காக நான் ஏன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

பிறகு தாழ்ப்பாளுக்கு வந்தேன். கிராணியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கதவருகே வந்து நின்றார்.

"அதக் கழட்டாதம்மா" என்றார்.

"ஆஸ்பித்திரியில சொல்லிட்டாங்களே."

"அவங்களுக்கென்ன? குளிக்கிற எடத்துக்கு ஒரு தாப்பா வேணாமா?"

இந்த வாக்கியத்துக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"எங்கப்பாவும் உங்ககிட்ட அதத்தான் சொன்னாரு. ஸ்மோக் ஹவுஸ் மாணிக்கம் மக நான்."

"யாரு, கதவு மாணிக்கமா?" என்றார். முகம் மலர்ந்தது. சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. "நல்ல கதவும்மா அது. பத்து வருசம், ஒரு நாளும் தொங்கல."

மன்னிப்பு கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. திருகாணிகளைக் கழற்றித் தாழ்ப்பாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப எப்படிக் குளிக்கிறது?" என்று கேட்டார்.

"பாடுங்க" என்றேன். "நாங்க அப்படித்தான் குளிச்சோம்."

அது உண்மை. குளியலறை போய்க் கொஞ்ச காலம் பைப்படியில் பட்ட பாட்டுக்குப் பிறகு, அம்மா வீட்டுக்குப் பின்னால் கயிறு கட்டிப் பழைய கைலிகளைத் தொங்கவிட்டு எனக்கு ஒரு மறைப்பு செய்து கொடுத்தார். கதவு இல்லாத இடத்தில் ஆள் இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டுமானால் பாட வேண்டும். நிறுத்தினால் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். சோப்பு வாய்க்குள் போனாலும் நிறுத்தக் கூடாது. எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்பப் பாடியே நான் என் மானத்தைக் காப்பாற்றினேன். இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குக் குளிரெடுக்கும்.

இதில் ஒரு விஷயம் கோமதிக்குத் தெரியாது. உள்ளிருந்து பூட்டினாலும் வெளியே இருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கிற தாழ்ப்பாள் இருக்கிறது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கென்றே செய்தது. அது அன்றைக்கு என் பெட்டியிலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் பின்சந்து வழியாகக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். குறுக்கு வழி இல்லை, சுற்று வழி. அவர் குளியலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். முதலில் சத்தமே இல்லை. "தண்ணி வாளிய கதவுக்கு முட்டுக் கொடுத்துக் குளிக்கிறாரு அக்கா. இன்னொரு தடவ விழுந்தா சுசாலா, எலும்பு தாங்காது" என்றாள் கோமதி. பிறகு அவளே வாளியை எடுத்துவிட்டு ஷவர் போட்டாள். அதற்கு அடுத்த நாள் குரல் கேட்டது.

அவருக்குப் பாட்டு எதுவும் தெரியவில்லை போல. பெரட்டுப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறுமுகம். அஞ்சல. பெரிய குப்பம்மா. வீராசாமி." ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு இடைவெளி, "ஐயா" என்று பதில் வருவதற்கு. அந்த இடைவெளியில் தண்ணீர் விழுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோட்டத்தையே நடுங்கவைத்த மனுஷன் துணியில்லாமல் நின்று பெரட்டு நடத்துகிறார். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நின்றேன். சின்னராசு. அம்மாக்கண்ணு. எல்லாரும் வரிசையில் வந்தார்கள். எனக்கு முகமே மறந்துபோனவர்கள்கூட வந்தார்கள். வரிசை போகிற போக்கில் எனக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"கதவு மாணிக்கம்" என்றார்.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார். என் தொண்டை வரைக்கும் "ஐயா" வந்துவிட்டது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆள் தினமும் அம்மணமாக நின்று என் அப்பாவை அந்தப் பெயரில் கூப்பிடுவதை என்னால் விட முடியாது. காசுத் தாழ்ப்பாளை மாட்டி, திருகிக் காட்டினேன். "இப்படி ஒன்னு இருக்கா அக்கா?" என்றாள் கோமதி. "இப்பத்தான் கடைக்கு வந்திச்சி" என்றேன்.

கிராணியார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"இனிமே வாயத் தொறக்காமக் குளிங்க" என்றேன்.

அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. சில மாதங்கள் கழித்து இறந்துபோனார். சாவுக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போய் வந்தார்.

எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு குளியலறையாம். நேற்று தகரம் கோணிப்போன பிறகு, வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஆறுமுகம், அஞ்சலை, பெரிய குப்பம்மா, வீராசாமி, சின்னராசு, அம்மாக்கண்ணு. அதற்கு மேல் யார் என்று தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. அந்த வரிசை முழுவதும் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. என் அப்பாவைக் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரும் அவர்தான். நான்தான் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன்.