மிக்சி பிளக்கில் ஒரு சோதனை

ஹீட்டரைப் பழுதுபார்க்க எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த எலக்ட்ரீஷியனுக்கு இடது புருவத்தில் முடியே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, அவருடைய மல்டிமீட்டரை நானே ஹீட்டர் வயரில் வைத்தேன். சைபர் காட்டியது.

"கரண்ட் இல்லீங்க, கழட்டுங்க" என்றேன்.

அவர் மீட்டரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். என் மனைவி சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்சியின் வயரை உருவி, அந்த பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார். அதிலும் சைபர்!

சற்றுமுன் ஸ்கூட்டர் பேட்டரியைப் பார்க்க மீட்டரை டிசிக்குத் திருப்பியவன் நான்தான். வீட்டுக் கரண்டைக் காட்டும் ஏசிக்கு அவர் மாற்றினார். இருநூற்று முப்பது வோல்ட். ஹீட்டர் வயரிலும் அதே. நான் அணைத்தது வேறு சுவிட்ச்.

"இருக்கிற எடத்துல காட்டுனாத்தான், இல்லைன்னு அது சொல்றத நம்புவேங்க."

சரியான சுவிட்சை அவரே அணைத்தார். சைபர் வந்தது. அப்போதும் வயரைத் தொடவில்லை. மறுபடி மிக்சி பிளக்குக்கே நடந்தார். சாமி ஊர்வலத்துக்கு ஒதுங்குவதுபோல் வழிவிட்டு நின்றேன்.